வந்தவர்களை வாங்க என்று கேட்டது

எனக்குக் கோர்வையாக எழுத வராது. படித்தது அஞ்சாம் வகுப்பு. பாதி மறந்தும் போகிறது. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் பருத்தி விதையை ஆராய்ச்சி செய்கிறவள். பிரசவத்துக்கு வந்தவள், கைக்குழந்தையோடு கோவில்பட்டியில் என் வீட்டில்தான் இருந்தாள். விதைக்குள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று கம்ப்யூட்டர் வாசித்துச் சொல்லுமாம். நாலே நாலு எழுத்து, அதுவே கோடிக்கணக்கில். திரையில் அவை வரிவரியாக ஓடும்போது, தீப்பெட்டி ஆபீசில் நான் சட்டத்தில் குச்சி அடுக்கிய நாட்கள் நினைவுக்கு வரும். கண் சொக்கும். அந்தக் குச்சிகளெல்லாம் முளைத்து, கழுகுமலை ரோட்டோரத்துக் கரிசலில் பருத்தியாக வெடித்து நிற்பதுபோல இருக்கும்.

ஆனால் திரையில் அந்த எழுத்துகளின் ஓட்டம் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் நின்றுபோனது. விடுப்பு முடிவதற்குள் முடித்துக் கொடுக்காவிட்டால் வேலை வேறொருவர் கைக்குப் போய்விடும் என்றாள்.

"இங்கன நான் யாருகிட்டம்மா கேக்க?"

அதனால் போனில் ஒரு குழு தொடங்கினாள். உயிர் ஆராய்ச்சியைக் கம்ப்யூட்டரில் செய்கிறவர்கள் ஒருத்தரை ஒருத்தர் கேட்டுப் பேசிக்கொள்ளத்தான். தொடங்க இன்னொரு ஆள் வேண்டும் என்று முதலில் என்னைச் சேர்த்தாள்.

"நீ ஒண்ணும் பேச வேண்டாம், சும்மா இரு."

அதை எனக்குச் சொல்லவே வேண்டாம்.

எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். இன்னார் சேர்ந்தார் என்று ஒரு வரி வரும், அவ்வளவுதான். ஓட்டம் ஏன் நிற்கிறது என்று மகள் போட்ட கேள்வி மேலே தனியாகக் கிடந்தது. ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"வியாழக்கிழமை வரைக்கும் பாத்துட்டு கலைச்சிருதேன்" என்றாள்.

எனக்கு வேறொன்று உறுத்தியது. வாசலுக்கு வந்தவரை வாங்க என்று கேட்காவிட்டால் எங்கள் பக்கம் ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவார்கள். ஒரு மத்தியானம், அவள் குழந்தையோடு தூங்கும்போது, ஜன்னலுக்கு வெளியே வெக்கை தண்ணீர்போல அலையாடிக்கொண்டிருந்தது. எழுத்தெழுத்தாகத் தேடி, ஒவ்வொருவர் பேருக்கும் கீழே 'வாங்க, சாப்பிட்டாச்சா' என்று போட்டேன். முகம் தெரியாததால் கூச்சமும் தெரியவில்லை.

விழித்துப் பார்த்தவள் தலையில் கைவைத்தாள்.

"யம்மா! இது என்ன கல்யாண வீடா? பெரிய பெரிய புரொபசரெல்லாம் இருக்காவ!"

"ஏட்டி, புரொபசர்னா சாப்பிட மாட்டாவளா?"

அவள் சிரிக்கவில்லை. ஆனால் போன் சிணுங்க ஆரம்பித்தது. ஒருவர், சாப்பிட்டேன் அம்மா என்றார். இன்னொருவர், கம்ப்யூட்டர் விட்டால்தானே சாப்பிட என்றார். மூன்றாமவர், உங்கள் ஆராய்ச்சி எதில் அம்மா என்று கேட்டுவிட்டார். நான் போனை முந்தானைக்குள் மூடிக்கொண்டேன். மகள் பிடுங்கிப் பார்த்தாள். அதற்குள் ஒரு பெண் அவள் கேள்விக்குப் பதில் போட்டிருந்தாள். எழுத்துகள் இருக்கிற பைல் கம்ப்யூட்டரில் பாதியோடு இறங்கி நின்றிருக்கும், முழுசாக மறுபடி இறக்கிப் பாருங்கள், எனக்கும் இப்படித்தான் ஆனது என்று.

மறுநாள் எழுத்துகள் அந்த இடத்தைத் தாண்டி ஓடின. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மகள் உட்காராமல் பார்த்தபடியே நின்றாள். குழுவை அவள் கலைக்கவில்லை. புதிதாக யார் வந்தாலும், "யம்மா, ஆளு வந்துருக்கு, வாங்கன்னு கேளு" என்று அடுப்படிக்குக் குரல் கொடுப்பாள்.

பதில் வந்தது செவ்வாயா புதனா, நின்றது பைலினால்தானா என்று எனக்கு நிச்சயமில்லை. பழைய பேச்செல்லாம் குழுவில் மேலே அப்படியே இருக்கிறது. உள்ளே இருக்கிறவர்கள் யாராவது ஏறிப் பார்த்து, நான் தப்பாகச் சொல்லியிருந்தால் திருத்திவிடுங்கள்.