படையல் இலையில் உட்கார்ந்தவள்

வியட்நாமில் தொடங்கி லாவோஸ், தாய்லாந்து என்று முதுகில் ஒரு பையோடு சுற்றி வந்தவள், கோலாலம்பூரில் ஒரு வாரம் தங்கிவிட்டு ஊர் திரும்புவதாகத்தான் இருந்தேன். அங்கே தமிழர்கள் நிறைந்த பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு அறையும் பக்கத்திலேயே ஒரு வேலையும் அகப்பட்டதும் அப்படியே தங்கிவிட்டேன். ஈரோட்டில் அப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. பேங்க் வேலையை விட்டுவிட்டுப் பையைத் தூக்கியபோதே முகத்தைத் திருப்பிக்கொண்டவர், இனி வரப்போவதில்லை என்றதும் பேச்சையே நிறுத்திவிட்டார்.

போன் செய்தால் அம்மாதான் எடுப்பாள்.

"அப்பா எங்கம்மா?"

"வாக்கிங் போயிருக்காருடி."

மத்தியான வெயிலில் எந்த மனுஷன் வாக்கிங் போவான்? எனக்கும் ரோஷம், சரி என்று வைத்துவிடுவேன். வைத்த பிறகு அந்தக் கனத்த குரலுக்கு மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். "என்ன கழுதை, சாப்பிட்டியா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டால் போதும் என்றிருக்கும்.

இங்கே காதில் விழுவதெல்லாம் தமிழ்தான். ஆனால் நான் வாயைத் திறந்ததுமே, "அக்கா இந்தியாவா?" என்று கேட்டுவிடுவார்கள். ஒரு சொல்லும் புரியாத லாவோஸில்கூட நான் இவ்வளவு தனியாக இருந்ததில்லை.

தீபாவளிக்கு முந்தின நாள், கூட வேலை செய்யும் அக்கா கிள்ளானில் இருக்கும் தன் வீட்டுக்குக் கூப்பிட்டார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் ரயிலேறிப் போய்ச் சேர்ந்தேன். "உக்காருமா, குளிச்சிட்டு வந்துர்றேன்" என்று அக்கா உள்ளே போனார். கூடத்தில் தலைவாழை இலை போட்டு ஆட்டுக்கறி, இட்லி, வடை, அதிரசம் எல்லாம் பரிமாறியிருந்தது. பக்கத்தில் ஒரு பீர் பாட்டில். அடேயப்பா, விருந்தாளிக்கு இந்த ஊரில் இப்படியா கவனிப்பு என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். எங்கள் வீட்டில் செத்தவர்களுக்குப் படைப்பதெல்லாம் அமாவாசையில்தான், தீபாவளிக்குக் கிடையாது. எனக்கு எப்படித் தெரியும்?

மூன்றாவது வாய் வைக்கும்போது ஈரத் தலையோடு அக்கா வந்து நின்றார்.

"அலாமாக்! அது என் வீட்டுக்காரருக்கு வச்சதுமா!"

"ஐயோ, அண்ணன் வந்துட்டாரா?" என்று வாசலைப் பார்த்தேன்.

அக்கா சுவரைக் காட்டினார். மாலை போட்ட படம். அதற்குக் கீழே இன்னும் ஏற்றாத விளக்கு.

எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. எழுந்திருக்கப் போனவளின் தோளை அக்கா அழுத்தி உட்கார வைத்தார். "சாப்பிடு லா. இருந்தப்பவே அந்த மனுசன் தன் தட்டுல இருந்து எடுத்துதான் எல்லாருக்கும் குடுப்பாரு. அவருக்கு வேற எலை போடறேன்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். இலை போடும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கோ உயிரோடு இருக்கிற ஒரு மனுஷனின் ஞாபகம் வந்தது.

திரும்பும்போது கிள்ளான் ஸ்டேஷனிலிருந்து அம்மாவுக்குப் போன் போட்டேன். வழக்கம்போல் அப்பா வாக்கிங். அவரைப் பற்றி அதற்கு மேல் கேட்கவில்லை. நடந்த கூத்தைச் சொன்னேன். "போடி லூசு, ஒரு படத்தைக்கூடவா பாக்க மாட்ட?" என்று அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொரு சிரிப்பும் கேட்டது. கனமாகத் தொடங்கி இருமலில் முடிகிற சிரிப்பு.

"அந்த பீர் பாட்டிலையும் காலி பண்ணிட்டாளான்னு கேளு."

அம்மா அதை என்னிடம் கேட்கவில்லை. இத்தனை மாதமும் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்திருக்கிறார், பாவி மனுஷன்! அழுகையும் சிரிப்புமாக வந்தது எனக்கு.

"இல்லப்பா" என்றேன்.

ரயில் வந்து நின்றது. நான் ஏறவில்லை. அந்தப் பக்கம் வீட்டு டிவியின் இரைச்சல் கேட்டது. பிறகு யாரோ அதன் சத்தத்தைக் குறைத்தார்கள்.