வாயைத் திறக்காத பிள்ளையும் அவன் அம்மாவும்

1. பல் எடுத்த நாள்

கடலூரில் ஒரு பல் டாக்டரிடம் நான் அசிஸ்டண்டாகச் சேர்ந்து அப்போது ஆறு வருஷம் ஆகியிருந்தது. நர்ஸ் ட்ரெயினிங் கிடையாது. இன்ஸ்ட்ருமெண்டுகளைக் கொதிக்க வைப்பேன், துப்புவதற்குக் கிட்னி ட்ரே நீட்டுவேன், அழுகிற பிள்ளைகளைப் பிடித்துக்கொள்வேன். செவ்வாயும் சனியும் டாக்டர் சிதம்பரத்தில் உட்காருவார். காலை பஸ்ஸில் நானும் போய்விடுவேன்.

அறுபதுகளின் நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை, புவனகிரியிலிருந்து பல்கீஸ் தன் மகனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவளுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். பையன் சலீமுக்கு இரண்டரை. துணைக்கு வந்த அண்ணன் காதர் வெளி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். புருஷனுக்குப் பினாங்கில் ஒரு கடையில் வேலை. பிள்ளை வயிற்றில் இருக்கும்போது கப்பலேறியவர் இன்னும் ஊருக்கு வரவில்லை.

பையனின் முன்பல் நான்கும் கறுத்திருந்தன. அழும்போதெல்லாம் சர்க்கரையில் தோய்த்த துணியைச் சப்பக் கொடுத்துப் பழக்கியிருந்தார்கள். ஒரு பல்லுக்கு மேலே ஈறில் சீழ் கட்டியிருந்தது. அதை அன்றைக்கே எக்ஸ்ட்ராக்ஷன் செய்ய வேண்டியதாயிற்று. கைகளை நான் பிடித்துக்கொண்டேன், கால்களை அவள் பிடித்துக்கொண்டாள். பல் வந்த கையோடு சலீம் என் விரலைக் கடித்தான். நான் அவனை அதட்டினேன்.

"மத்த பல்லாவது தங்கணும்னா தெனம் ரெண்டு வேள பிரஷ் போடணும்மா. சீழு தாடைக்குள்ள எறங்கிச்சின்னா உசுருக்கே ஆபத்து" என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

2. தரையில் உட்கார்ந்து

அடுத்த வாரம் பல்கீஸ் அழுதுகொண்டே வந்தாள்.

"பிரஷ்ஷப் பாத்தாலே ஓடி கட்டிலுக்கு அடியில பூந்துக்குறான்க்கா. அண்ணன் கையப் புடிச்சாரு, நான் மூக்கப் பொத்துனேன். இப்ப சோறு ஊட்டப் போனாலும் வாயத் தொறக்க மாட்டேங்குறான்."

அதைக் கேட்டு எனக்கு வெட்கமாக இருந்தது. கையைப் பிடித்து வாயைத் திறக்க வைக்கும் வித்தையை அவர்களுக்குக் காட்டிக்கொடுத்ததே நாங்கள்தான்.

சலீம் அவள் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்திருந்தான். நான் அவனைத் தொடவில்லை. ஒரு சின்ன பிரஷ்ஷை அவன் கையில் கொடுத்தேன். பல்கீஸைத் தரையில் உட்காரச் சொன்னேன். "நீ வாயத் தொறம்மா. அவன் ஒனக்கு வெளக்கி வுடட்டும்" என்றேன்.

அவள் தயங்கித் தயங்கி வாயைத் திறந்தாள். அவன் முதலில் பிரஷ்ஷால் அவள் மூக்கை இடித்தான். அப்புறம் உதட்டில் தேய்த்தான். "அம்மா, ஆ காட்டு" என்று அதட்டினான். என்னைப் போலவே அதட்டினான். அவள் சிரித்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் அவனும் சிரித்தான். அப்போது திறந்த வாய்க்குள் அவள் தன் விரலை விட்டு, பற்களை ஒரு தடவு தடவி எடுத்தாள். அன்றைக்கு அது போதும் என்று நிறுத்திவிட்டேன்.

மூன்று வாரம் இப்படியே போனது. முதலில் அவன் அம்மாவுக்கு, பிறகு அம்மா அவனுக்கு. மூன்றாவது வாரம் பிரஷ்ஷே போட்டுக்கொண்டான். டாக்டர்கூட எட்டிப் பார்த்து, "ராஜம், நல்ல வேல பண்ணிருக்க" என்றார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அன்றைக்கு இன்னொன்றையும் பார்த்தேன். சலீம் அம்மாவுக்கு விளக்கிய பிரஷ் சிவந்திருந்தது. அவள் ஈறு வீங்கிக் கிடந்தது. முகம் வெளிறியிருந்தது. முழங்கைக்குக் கீழே நீலமாகக் கன்றியிருந்தது.

"என்னம்மா இது?"

"ரெண்டு மாசமா ரத்தம் வருதுக்கா. கொஞ்சம் நடந்தாலே மூச்சு வாங்குது. புள்ள தூக்குற அசதிதான்."

"டாக்டர்கிட்ட காட்டுறியா?"

"ஐயோ, ஆம்பள டாக்டர் வேணாம்க்கா. எனக்கு என்ன, இவனுக்குச் சரியானா போதும்."

வெளியே நாலைந்து பேர் காத்திருந்தார்கள். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஈறில் ரத்தம் வரும். "உப்புத் தண்ணியில கொப்புளி" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். டாக்டரிடம் சொல்லவில்லை.

3. பினாங்கிலிருந்து வந்தவர்

அதற்குப் பிறகு அவள் வரவில்லை. பையனுக்குச் சரியாகிவிட்டது, அதனால்தான் வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து காதரும் இன்னொருவரும் சலீமோடு வந்தார்கள். காதர்தான் பேசினார்.

"தங்கச்சி மவுத்தாயிட்டாம்மா. ஜுரம் ஜாஸ்தியாயி பாண்டிச்சேரிக்குத் தூக்கிட்டுப் போனோம். ரத்தத்துல புத்துநோயின்னாங்க. நாலு நாள்தான் இருந்தா. இவருதான் மச்சான். தந்தி கெடச்சி கப்பல் புடிச்சி வர்றதுக்குள்ள அடக்கம் பண்ணியாச்சி."

அந்த மனிதர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பெயர் ஜமால். பெற்ற பிள்ளையை அவர் பார்த்தே இரண்டு வாரம்தான் ஆகிறது. பிள்ளை அவரிடம் போக மறுக்கிறான், அம்மா போன நாளிலிருந்து பல் விளக்க யாரையும் விடவில்லை, மறுபடியும் ஈறு வீங்கியிருக்கிறது என்று காதர் சொன்னார்.

எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். ஜமாலைத் தரையில் உட்கார்ந்து வாயைத் திறக்கச் சொன்னேன். பிரஷ்ஷைச் சலீமிடம் கொடுத்தேன். அவன் வெகுநேரம் அசையவில்லை. ஜமாலும் திறந்த வாயை மூடவில்லை. கடைசியில் பையன் ஓரடி எடுத்து வைத்தான். ஒரு கையால் அவர் தாடையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தேய்த்தான். பிறகு பிரஷ்ஷை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அத்தாவுக்குச் செவப்பு வரல" என்றான்.

ஜமால் என்னை நிமிர்ந்து பார்த்தார். "என்னம்மா சொல்றான்?"

மறைத்திருக்கலாம். காதருக்கும் அது தெரியாது. ஆனால் சொன்னேன். ரத்தம் வந்ததையும், கை கன்றியிருந்ததையும், நான் பார்த்தும் டாக்டரிடம் சொல்லாமல் விட்டதையும் சொன்னேன்.

அவர் சத்தம் போடவில்லை. "அப்பவே ஒரு லெட்டர் போட்டிருந்தா வந்திருப்பேம்மா" என்றார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டார். அவன் அவர் தோளில் சாய்ந்துகொண்டான். அதன் பிறகு அவர்களை நான் பார்க்கவில்லை.

அன்று கடலூர் திரும்பும்போது டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். "தெரிஞ்சிருந்தாலும் இந்தக் காலத்துல அதுக்கு வைத்தியம் இல்ல ராஜம்" என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். கொஞ்ச தூரம் போனதும் அவரே, "ஆனா, எங்கிட்ட சொல்லியிருக்கணும்" என்றார்.

வைத்தியம் இல்லாமல் போகட்டும். புருஷன் முகத்தையாவது பார்த்துவிட்டுப் போயிருப்பாள்.

அதற்குப் பிறகு இருபத்தெட்டு வருஷம் அந்த வேலையில் இருந்தேன். இந்த வேலைக்கு வரும் பெண்களுக்கு நான் சொல்வது இதுதான். பிள்ளை வாயைத் திறக்கவில்லை என்றால் அவசரப்படாதீர்கள், அது ஒருநாள் திறக்கும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறவள் தனக்கு ஒன்றுமில்லை என்றுதான் சொல்வாள். அவளையும் உட்கார வைத்துப் பாருங்கள். பார்த்ததை டாக்டரிடம் சொல்லுங்கள்.