அல்சூர் கோயிலும் என் சகலையும்

போன ஞாயிற்றுக்கிழமை முழுவதும் எனக்கு வயிற்றெரிச்சல். டாக்டரிடம் சொல்ல முடியாத வகை... உங்களிடம் சொல்கிறேன்.

வேலூரிலிருந்து மாமனார் வந்திருந்தார். அவர் பெங்களூர் வந்தால் அல்சூர் சோமேஸ்வரர் கோயிலுக்கு நான்தான் கூட்டிப்போவேன். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். கோபுரத்தைக் காட்டி, "பாத்தீங்களா மாமா, நம்ம சோழன் கட்டினது" என்பேன். அவரும் தலையாட்டுவார். இதை வைத்தே மனைவி வீட்டில் எனக்கு 'விஷயம் தெரிந்த மாப்பிள்ளை' என்று பெயர்.

இந்த முறை சகலை பிரபாகரும் ஒட்டிக்கொண்டான். மைத்துனியின் கணவன். சந்தாபுராவில் வீடு, ஐ.டி. வேலை, லீவு நாளில் கோயில் கோயிலாகப் போய்ப் படமெடுக்கும் பழக்கம். இதெல்லாம் ஒரு மனிதனுக்குத் தேவையா?

கோபுரத்தடியில் என் வழக்கமான வசனத்தை எடுத்துவிட்டேன்.

"அப்படியும் சொல்லுவாங்கண்ணா" என்றான், ரொம்பப் பணிவாக. அந்தப் பணிவுதான் தாங்கவில்லை. "ஆனா நாம பாக்கற மண்டபம் விஜயநகர ஸ்டைல். அப்புறம் இந்த ஊரை ஆண்ட கௌடருங்க இன்னும் பெருசா கட்டினாங்க."

மாமனார் அவன் பக்கம் நகர்ந்தார்.

பிறகு ஒவ்வொரு தூணாக நிறுத்தினான். யாளி மேல் வீரன், மகிஷனை வதைக்கும் துர்கை. வெளிச்சுவரில் பார்வதி கல்யாணம். இத்தனை வருடம் நான் நின்று போன் பார்த்த இடத்துக்குப் பக்கத்திலேயே, கயிலாயத்தைத் தூக்கும் ராவணன்! நானும் அன்றைக்குத்தான் பார்த்தேன். பார்த்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை.

கூடவே நின்று கேட்ட ஒரு அம்மாள், "தும்ப சென்னாகி ஹேளிதிரி சார்" என்றார். ரொம்ப நன்றாகச் சொன்னானாம்!

"எத்தினி வருசமா வர்றேன், யாரும் இதெல்லாம் சொல்லலையே மாப்ள" என்றார் மாமனார். அவனைப் பார்த்து.

பொறாமைதான். மறைப்பானேன்? நன்றாகப் பாடுகிறவன் மேல் யாருக்கும் பொறாமை வராது. நாம் பாடிக்கொண்டிருந்த மேடையில் ஏறி நன்றாகப் பாடுகிறான் பாருங்கள், அவன் மேல்தான் வரும்.

வெளியே வரும்போது மதியமாகிவிட்டது. கோயில் பக்கத்து ஓட்டலில் வழக்கமான டிபன் கிடையாது, நேராக வீட்டுச் சாப்பாடு. பிரபாகருக்கு இரண்டாம் முறை பாயசம் ஊற்றினார்கள். ஊற்றியவள் என் மனைவி.

மறுநாள் காலை மாமனாரை பஸ் ஏற்றிவிடப் போனேன். வழியில் அவரே ஆரம்பித்தார்.

"சின்ன மாப்ள நல்லாத்தான் சொன்னாரு. ஆனா நின்னு நின்னு முட்டி போயிடுச்சு. நீங்கன்னா கோபுரத்த காட்டிட்டு நேரா அந்த ஓட்டலுக்குக் கூட்டினு போயிடுவீங்க. சாமி தப்பா நெனச்சுக்கக் கூடாது... அந்த வெண்ண தோசைக்குத்தான் நான் கெளம்பியே வர்றது."

ஆக, இத்தனை வருடம் அவர் தலையாட்டியது என் சோழனுக்கு இல்லை. இதற்கு நான் வெட்கப்பட்டிருக்க வேண்டும். ஆனால் பஸ் ஸ்டாண்டிலிருந்து விசிலடித்துக்கொண்டுதான் திரும்பினேன்.

சாயங்காலம் பிரபாகர் போன் செய்தான். "அண்ணா, மாமா ஏதோ தோசக் கட சொன்னாரே, கோயில் பக்கத்துல. எங்க இருக்கு அது?"

"அதுவா? மூடிட்டாங்கப்பா" என்றேன்.