முதல் மாதத்து ஊசி

எனக்குச் சர்க்கரை இருப்பது நாற்பத்தோரு வயதில் தெரியவந்தது. இரண்டாயிரத்துகளின் பிற்பகுதி. வெறும் வயிற்றிலேயே முந்நூறைத் தாண்டியிருந்தது. தாம்பரத்து டாக்டரம்மா மாத்திரை எழுதுவார் என்று நினைத்தேன். அவர் இன்சுலின் என்றார். தினம் நாலு ஊசி.

"அவ்வளவு முத்திப்போச்சா டாக்டர்?"

"முத்தலைம்மா. இப்பதான் ஆரம்பம், அதனாலதான் சொல்றேன். உங்க கணையம் களைச்சுப் போயிருக்கு. மூணு வாரம் வெளியிலேர்ந்து இன்சுலின் குடுத்தா அது தெளிஞ்சுக்கலாம். தெளியாமலும் போகலாம். தெளிஞ்சா ஊசி, மாத்திரை எல்லாத்தையும் நிறுத்திப் பார்ப்போம்."

வீட்டில் கணவர் குதித்தார். "மூணு வாரம்னுதான் சொல்லுவாங்க, அப்புறம் ஆயுசு முழுக்க. உங்க அண்ணனைப் பார்த்தும் புத்தி வரலையா?"

என் அண்ணன் பம்மலில் தோல் பட்டறைத் தொழிலாளி. பத்து வருடமாகச் சர்க்கரை. இன்சுலின் போடச் சொல்லி டாக்டர்கள் மூன்று முறை சொன்னார்கள். மூன்று முறையும் குடும்பமே கூடித் தடுத்தது. கடைசியில் பாதத்துப் புண் அழுகி, ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் முதல் ஊசி ஏறியது. அதே வாரம் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஊசி போட்டான், கால் போச்சு என்று எங்கள் ஆட்கள் முடிவு கட்டினார்கள்.

நான் ஊசி போட்டுக்கொண்டேன். மதிய ஊசியை ஆபீஸ் கழிவறையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு போட்டேன். நான்காம் நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், இன்சுலின் பாட்டில் ஃப்ரிட்ஜுக்குள் இல்லை. சமையல் மேடையில், அடுப்புக்குப் பக்கத்தில், மே மாத வெக்கையில் கிடந்தது. தொட்டால் சுட்டது.

"எதிர்வீட்டம்மா ஐஸ் கேட்டு வந்தாங்க. பார்த்துட்டா என்ன நினைப்பாங்க?" என்றார் கணவர்.

பதினேழு வருடத்தில் அவரிடம் அப்படிக் கத்தியதில்லை. தெருவே கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் கத்தினேன். புதுப் பாட்டில் வாங்கி வந்து, ஃப்ரிட்ஜைத் திறந்ததும் கண்ணில் படும்படி வைத்தேன்.

எனக்குப் புத்தி சொல்லச் சொல்லி அவர் என் அண்ணனையே வரவழைத்தார். ஷேர் ஆட்டோவில் வந்து, கட்டையை ஊன்றி மாடியேறி, மூச்சு வாங்க உட்கார்ந்தான் அண்ணன்.

"நீங்களே சொல்லுங்க மச்சான்" என்றார் கணவர்.

"இன்னாத்த சொல்றது மாப்ள? போட்டதால கால் போவல. போடாம வுட்டதாலதான் இப்டி குந்திகினு கீறேன்." என் பக்கம் திரும்பினான். "நீ போட்டுக்கோம்மா. அன்னிக்கு எனக்கு நீயும்தானே வேணான்னே."

குத்திக் காட்டவில்லை, நடந்ததைச் சொன்னான். எங்கள் ஆட்கள் மேல் இருந்த கோபமெல்லாம் ஒரே நொடியில் என் மேல் திரும்பியது. ஆமாம், நானும்தான். ஒன்றும் தெரியாமல், பாசத்தின் பேரில் சொன்னேன்.

மூன்று வாரம் முடிந்ததும் டாக்டரம்மா ஊசியை நிறுத்தினார். மாத்திரையும் தரவில்லை. அடுத்தடுத்த பரிசோதனைகளில் சர்க்கரை சரியாகவே இருந்தது. "குணமாயிடுச்சுன்னு நினைக்காதீங்க. அடங்கியிருக்கு. நடங்க, சோத்தைக் குறைங்க, மூணு மாசத்துக்கு ஒருதரம் வாங்க" என்றார். அண்ணனுக்கும் ஆரம்பத்திலேயே போட்டிருந்தால் என்று இழுத்தேன். "எல்லாருக்கும் அடங்காதும்மா. ஆனா சர்க்கரை கட்டுக்குள்ள இருந்திருந்தா, கால் தப்பிச்சிருக்க வாய்ப்பு அதிகம்" என்றார்.

கணவரோ போகிற வருகிறவர்களிடமெல்லாம், "அவளுக்குச் சுகரே இல்லை, லேப்காரன் தப்பாக் குடுத்துட்டான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு ரத்தம் கொதித்தது.

மூன்று வருடம் மருந்தில்லாமல் இருந்தேன். பிறகு சர்க்கரை மெல்ல ஏறியது, மாத்திரை தொடங்கினேன். "பார்த்தியா, கடைசியில மாத்திரைதானே?" என்றார் நாத்தனார், ஏதோ ஜெயித்துவிட்டதைப் போல. அவர் வீட்டுக்கு நான் போவதை நிறுத்தினேன்.