ஐந்து விரல்களும் ஒரு கப்பலும்

வெளியில் கண்டால் முகம் கொடுக்காத ஐந்து எண்ணெய் நிறுவனங்கள், பனிக்கடல் என்று வந்ததும் ஒரே மேசையில் வந்து உட்கார்ந்தன. வட துருவக் கடலில் தனியாக எண்ணெய்க் கிணறு தோண்ட ஒருவருக்கும் துணிவில்லை. அவர்களைக் கூட்டி, பொதுத் திட்டம் எழுதிக் கொடுப்பது ரொறன்ரோவில் இருந்த எங்கள் அலுவலகத்தின் வேலை. நான் அங்கே பொறியியலாளர்.

ஒவ்வொரு கூட்டமும் ஒரு வழக்கறிஞரோடுதான் தொடங்கும். போட்டியாளர்கள் ஒன்றுகூடினால் சட்டத்துக்குச் சந்தேகம் வரும் என்பதால், எதைப் பேசக்கூடாது என்று அவர் முதலில் வாசிப்பார். விலை பேசக்கூடாது. அடுத்து எங்கே தோண்டப்போகிறோம் என்று மூச்சும் விடக்கூடாது. மிச்சம் இருப்பது பனியும் ஆபத்தும். லாபம் தனித்தனி, பயம் மட்டும் பொது. எனக்கு ஒவ்வொரு முறையும் எரிச்சல் வரும், ஆனாலும் கோப்பியை ஊற்றிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன்.

என் கணவர் அந்தக் கடலிலேயே வேலை செய்தார். பனி உடைக்கும் பெரிய கப்பலொன்றில் இயந்திரப் பொறியியலாளர். கோடை தொடங்கப் போவார், கடல் மறுபடி உறையுமுன் வருவார். ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் எந்தக் கலியாண மண்டபத்தில் உட்கார்ந்தாலும், பனியின் தடிப்பைக் கையால் காட்டித்தான் பேச்சைத் தொடங்குவார். அந்தப் பெருமையைப் பார்க்க எனக்கும் பிடிக்கும்.

ஒரு வருடம், அவர் புறப்படுவதற்கு முதல்நாள், கூட்டத்தில் ஒத்திகை வைத்தோம். மேசையில் கடல் வரைபடம். கப்பல்களுக்குப் பதிலாகச் சிறு காந்தங்கள். உங்கள் கிணற்றில் தீப்பிடித்துவிட்டது, எந்தக் கப்பல் உதவிக்கு வரும், தொட்டுக் காட்டுங்கள், விரலை எடுக்க வேண்டாம் என்றேன். முதல் நிறுவனத்தின் ஆள் சிவப்புக் காந்தத்தைத் தொட்டார். இரண்டாமவரும் அதையே தொட்டார். ஐந்தாமவர் விரல் வைக்க இடமில்லாமல் மற்றவரின் நகத்தின்மேல் வைத்தார். ஆபத்தில் ஒருவரின் கப்பலை மற்றவர் கேட்கலாம் என்று உடன்பாடு. அதை நம்பி எல்லாரும் அந்த ஒரே கப்பலைத் தங்கள் திட்டத்தில் சேர்த்துவிட்டு, வேறொன்றை அமர்த்தாமல் இருந்துவிட்டார்கள். அறையே சிரித்தது.

சிவப்புக் காந்தம் என் கணவரின் கப்பல்.

"இந்தக் கப்பலே பனியில் மாட்டிக்கொண்டால் எது வரும்?" என்று கேட்டேன்.

விரல்கள் ஒவ்வொன்றாக விலகின. மற்றக் காந்தங்கள் எல்லாம் பனியை உடைக்க முடியாத சிறு கப்பல்கள்; யாரும் அவற்றைத் தொடவில்லை. அப்படி நடக்க வாய்ப்பு மிகக் குறைவு என்றார் ஒருவர். இரண்டாம் தரமும் கேட்டேன். அடுத்த கூட்டத்தில் பார்ப்போம் என்று சொல்லிவிட்டு எல்லாரும் சாப்பிட எழும்பினார்கள். அடுத்த கூட்டம் இலையுதிர் காலத்தில். அதற்குள் அந்தக் கப்பலின் பருவமே முடிந்துவிடும். கத்தினால், புருஷனுக்காகப் பேசுகிறாள் என்று என்னை அந்த அறையிலிருந்தே எடுத்துவிடுவார்கள்.

வீட்டுக்கு வந்தபோது அவர் பெட்டியைப் பரப்பி வைத்து, கம்பளிக் காலுறைக்குள் கறித்தூள் போத்தலைத் திணித்துக்கொண்டிருந்தார்.

"என்னவாம் உம்மட மீட்டிங்கிலை?"

"அஞ்சு கொம்பனியும் உங்கட கப்பலைத்தான் நம்பியிருக்கினம்."

முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தீரே! வேறை எதை நம்புறது?"

அந்தச் சந்தோசத்தை என்னால் தாங்க முடியவில்லை.

"இஞ்சாருங்கோ, உங்களுக்கு ஒண்டெண்டால் ஆர் வருவினம்? நான் கேட்டன், அடுத்த மீட்டிங்கிலை பாப்பமெண்டிட்டுச் சாப்பிடப் போட்டினம். இந்த முறை போகாதேங்கோ."

அவர் பெட்டியின்மேல் முழங்காலை வைத்து அமுக்கினார். "நான் போகாட்டி இன்னொருத்தன் போவான். அவன்ரை மனிசி உந்த அறைக்குள்ளை இல்லை." பெட்டியின் ஸிப்பை இழுத்து மூடினார். "எனக்கென்ன பயம்? நீர் அங்கை இருக்கிறீர்தானே."

அவர் என்னைத் தேற்றத்தான் சொன்னார். எனக்கு அழுகை வந்தது.

மறுநாள் அவரை விமான நிலையத்தில் இறக்கிவிட்டு நேரே அலுவலகத்துக்குப் போனேன். வரைபடம் மேசையில் அப்படியே கிடந்தது. சிவப்புக் காந்தத்துக்குப் பக்கத்தில் வைக்க இன்னொன்றைத் தேடினேன். காந்தங்கள் வைக்கும் பெட்டியில் எதுவும் இல்லை.