டைம்ப்ளீஸ்

பிப்ரவரி 9, ஞாயிறு. 5.30க்கு எழுந்தேன். காபி. செடிகளுக்கு ஐந்து குவளை தண்ணீர். 6.50க்கு அடையாறில் பஸ் ஏறி, கோபாலபுரத்தில் தங்கை மகள் ஆடும் கால்பந்து ஆட்டத்துக்குப் போனேன். எட்டாவது நிமிடத்தில் அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தாள். நடுவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஆடுங்கள் என்று கை காட்டினார். பந்து கோட்டைத் தாண்டிய பிறகே விசில். யாரோ ஓடிவந்து முழங்காலில் மருந்தைப் பீய்ச்சினார். நெடி என் மூக்குவரை வந்தது.

நடுவர் செய்தது சரி. சொல்ல எனக்குத் தகுதி உண்டு. நானும் விசில் ஊதியவன். நெடியும் அன்றைய அதே நெடிதான். அப்போது பீய்ச்ச மாட்டோம், தேய்ப்போம்.

அன்று எனக்கு இருபத்து நான்கு வயது. தி.நகர் ஜவுளிக்கடையில் புடவை மடிக்கும் வேலை. ஞாயிறுகளில் நடுவராகும் முயற்சி. உண்மையான ஆட்டத்தை நடத்திக் காட்ட வேண்டும், தேர்வாளர் ஓரத்தில் நின்று குறிப்பெழுதுவார். மொத்தம் மூன்று வாய்ப்பு. விதியை நான்கு நிற மையில் எழுதி வைத்திருந்தேன். லேசான அடியென்றால் பந்து வெளியே போகும்வரை பொறு. பலமான அடி, அதிலும் தலையில் என்றால், அந்தக் கணமே ஊது.

முதல் தேர்வில் ஒருவனுக்கு மண்டையில் அடி. நான் பொறுமையாகப் பந்து வெளியே போகக் காத்திருந்தேன். அது போவதாக இல்லை. தோல்வி. இரண்டாவதில் உஷாராகி, ஷூ கயிறு கட்டக் குனிந்தவனுக்கெல்லாம் ஊதினேன். "மூச்சு வுட்டாகூட ஊதுறாரு மச்சி" என்று ஒருவன் சொன்னது தேர்வாளர் காதிலும் விழுந்தது. மறுபடியும் தோல்வி.

மூன்றாவதும் கடைசியுமான ஆட்டம், மயிலாப்பூர் தெரு அணிக்கும் கடற்கரைக் குப்பத்து அணிக்கும். கோல் இல்லை. முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது குப்பத்து அந்தோணி பந்தோடு தனியாகப் பாய்ந்தான். மயிலாப்பூர் கோல்கீப்பர் ரங்கராஜன் முன்னால் ஓடிவந்தவன், தானாகவே மடங்கி விழுந்தான். யாரும் அவனைத் தொடவில்லை. கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு, மறு கையின் முஷ்டியை உதட்டில் ஒற்றி, ஒரே கத்தல்: "டைம்ப்ளீஸ்!"

தெருவில் ஓடிப்பிடித்து ஆடியவர்களுக்கு விளக்க வேண்டாம். முஷ்டிக்கு முத்தமிட்டு அதைச் சொன்னவனை அதற்குமேல் யாரும் தொட முடியாது. தொட்டால் அழுகுணி ஆட்டம். அது இரண்டு ஆங்கிலச் சொற்கள் என்பதே ஆறாம் வகுப்பில்தான் எனக்குத் தெரியவந்தது.

அந்தோணி நின்றுவிட்டான். எதிரே ஆளில்லாத கோல், காலடியில் பந்து, நின்றுவிட்டான். மைதானம் முழுக்க அவரவர் இடத்தில் சிலையாக நின்றார்கள். அதற்கும் பிறகு, என் வாயிலிருந்த விசில் தானாக ஊதியது.

ஓரத்தில் மீன்கூடையை இறக்கி வைத்திருந்த அந்தோணியின் அம்மாதான் முதலில் விழித்துக்கொண்டார்.

"இன்னாடா, கோலு தொறந்து கீது, நட்டுக்கினு நிக்கிறே?"

"அவன் டைம்ப்ளீஸ் சொல்ட்டாம்மா!"

"அவன் சொன்னா உனுக்கின்னா? பொண்ணா கேட்டான்? யோவ் விசிலு! நீ எதுக்குய்யா ஊதினே?"

நான் ரங்கராஜனிடம் ஓடி, "எங்கே அடி?" என்றேன்.

"அடியெல்லாம் இல்லை சார். சதை பிடிச்சுண்டுடுத்து."

சதைப்பிடிப்பு! நான்கு நிற மையும் கண்முன் ஓடின. அந்தோணியே உட்கார்ந்து அவனுக்கு மருந்து தேய்த்துவிட்டான். நான் பந்தைக் கையிலிருந்து தரையில் விட்டு ஆட்டத்தைத் தொடங்கினேன். இரண்டாவது நிமிடத்தில் அந்தோணி தலையால் முட்டி ஒரு கோல் போட்டான். குப்பம் ஜெயித்தது, நான் முழு உடம்போடு வெளியே வந்தேன்.

தேர்வாளர் கூப்பிட்டார். சிரித்து யாரும் பார்த்திராத முகம். "லேசான காயம், பந்து ஆட்டத்துல இருக்கு. எந்த விதிப்படி நிறுத்தினே?"

"டைம்ப்ளீஸ் சொன்னான் சார்."

நோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு கழுத்தில் தொங்கிய ஸ்டாப்வாட்சைத் தூக்கிக் காட்டினார். முள் நின்றிருந்தது. "அவன் கத்தினதும் அமுக்கிட்டேன்யா. உன் விசிலுக்கு முன்னாடியே. திரும்பி ஓடவிட மறந்தே போச்சு." அந்த முகம் கோணி, குலுங்கி, கண்ணில் நீர் வரச் சிரித்தது. "உன்னை ஃபெயிலாக்கினா நான் என்னையும் ஆக்கணும். போ, பாஸ்."

பதினோரு ஆண்டுகள் ஊதினேன். அந்தச் சொல்லுக்காக மறுபடி ஒருமுறையும் ஊதவில்லை. யாரும் சொல்லவுமில்லை.

கோபாலபுரத்திலிருந்து திரும்பி வரும்போது, ஆட்டத்தை நிறுத்தணும்னா நீங்க என்ன சொல்வீங்க என்று தங்கை மகளைக் கேட்டேன். "ஒண்ணும் சொல்ல மாட்டோம் மாமா. ரெஃப் பாத்துப்பாரு" என்றாள். ஓடுகிற கால்களையெல்லாம் ஒரு கத்தலில் நிறுத்திய சொல் எந்த வருடம் போனதென்று என் டைரிகளில் தேடினேன். பதிவில்லை.

பிப்ரவரி 10, திங்கள். முதல் வேலையாகக் கீழே இறங்கினேன். பள்ளி வேனுக்குக் காத்திருந்த பிள்ளைகள் ஓடிப்பிடித்து ஆடிக்கொண்டிருந்தார்கள். நடுவில் போய் நின்று, முஷ்டிக்கு முத்தமிட்டு, "டைம்ப்ளீஸ்!" என்று கத்தினேன். ஒரு கால்கூட நிற்கவில்லை. இரட்டைச் சடைக்காரி ஒருத்தி என்னைச் சுற்றி ஓடிவந்து முதுகில் படாரென்று தட்டினாள்.

"அங்கிள், நீங்க அவுட்டு!"