மூன்று பொய்யும் ஒரு வெல்டிங் மெசினும்

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது உண்மை பேசுகிற வியாதி பிடித்திருந்தது. சின்னம்மா தன் புதுச் சாரி எப்படி என்று கேட்டால் எப்படி என்று சொல்லிவிடுவேன். விருந்தாளிகளுக்கு முன்னால் கறிக்கு உப்புப் போதாது என்பேன். நான் வாயைத் திறந்தாலே வீட்டில் யாராவது பேச்சை மாற்றுவார்கள். எனக்கோ பெருமை தாங்காது. அந்த வியாதி நன்றாக முற்றியிருந்த மார்கழி விடுமுறையில்தான் எங்கள் வீட்டுக்கு முதல் வெல்டிங் மெசின் வந்தது.

அப்பா பள்ளிக்கூட வான் ஓட்டினார். விடியக் குச்சவெளிப் பக்கம் போய்ப் பிள்ளைகளை ஏற்றிக் கடற்கரை வீதியால் திருகோணமலைப் பள்ளிக்கூடங்களுக்குக் கொண்டுவருவார். மிச்ச நேரமெல்லாம் வான் எங்கள் முற்றத்தில், துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கும். உப்புக் காற்று கப்பலென்றும் வானென்றும் பேதம் பார்ப்பதில்லை. பின்சீற்றுக்குக் கீழே தளம் துருப்பிடித்து, என் இரண்டு கையும் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்துவிட்டது. அப்பா அதன்மேல் ஒரு பலகையைப் போட்டிருந்தார். விடுமுறைக்குக் கொஞ்சம் முந்தி ஒரு மழை நாளில் பலகை விலகி, சேற்றுத் தண்ணீர் பீறிட்டு, ஒரு பிள்ளையின் வெள்ளைச் சட்டை முழுவதும் அடித்தது. அன்று பின்னேரமே தாய்மார் நாலு பேர் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். பள்ளிக்கூடம் திரும்பத் துவங்க முதல் ஓட்டையை அடைக்காவிட்டால் வேறு வான் பார்ப்போம் என்று மரியாதையாகத்தான் சொன்னார்கள். அப்பா அன்றிரவு சாப்பிடவில்லை.

வாகனம் திருத்துகிற கராச்சில் விசாரித்தால், முறை வரத் தை கழியும் என்றார்கள். அப்போதுதான் மாமா, "மெசின் ஒண்டு எடுங்கோ மச்சான், நான் ஒட்டித் தாறன்" என்றார்.

மாமா அம்மாவின் அண்ணன். கப்பல் திருத்துகிற யாட்டில் நெடுங்காலமாக வெல்டிங் பிடித்தவர். அந்த மாதம் அவர் லீவில் நிற்கிறார் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். உண்மை வேறு. இரண்டு கண்ணிலும் வெண்புரை படர்ந்து, யாட்டில் அவரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷனுக்கு முறை வர மாதக்கணக்காகும். மாமா அதை ஒருவருக்கும் சொல்லவில்லை. மாமி வந்து அம்மாவிடம் மட்டும் சொல்லி அழுதிருக்கிறார். அம்மா அப்பாவிடம்கூட மூச்சு விடவில்லை. என்னிடம் சொல்ல அவருக்கென்ன விசரா? மாமா தேநீருக்குள் உப்பைப் போட்டுக் குடித்தபோது, பகிடி விடுகிறார் என்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

மெசின் பார்க்க நாலு பேரும் டவுனுக்குப் போனோம். கடைக்கார நானா இரண்டு மெசினைத் தூக்கி வைத்தார். ஒன்று குச்சியால் ஒட்டுகிற பெரிய மெசின், யாட்டில் இருப்பதன் தம்பி மாதிரி. மற்றது சின்னது, சிவப்பு. அதற்குள் ஒரு கம்பிச்சுருள். துவக்கு மாதிரி ஒரு கைபிடி. விசையை அமத்தினால் கம்பி தானாக வெளியே வந்து உருகும்.

"வானுட தகரம் மெல்லிசு. அதுக்கு இந்தச் சின்னதுதான் தோது. காஸ் சிலிண்டரும் தேவையில்ல" என்றார் நானா.

"கப்பலை ஒட்டுற மெசின் வானை ஒட்டாதோ? இது என்ன, பிள்ளையள் விளையாடுற சாமான்" என்றார் மாமா.

அப்பா இரண்டு பக்கமும் தலையாட்டினார். வாதம் நீண்டுகொண்டு போனது. இதற்கிடையில் அம்மா அந்தச் சின்ன மெசினின் கைபிடியைத் தூக்கி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, அதன் முனையால் மேசைப் பலகைகளின் இடைவெளியைத் தடவித் தடவிக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். கடைக்கு வந்தவர்கள் பார்த்தார்கள். எனக்கு வெட்கத்தில் உயிர் போனது.

கடைசியில் நானாவே வழி சொன்னார். "ரெண்டையும் கொண்டு போய் அடிச்சுப் பாருங்க. சரிவராததைத் திருப்பித் தாங்க. நீங்க என்ன ஊரை விட்டு ஓடப் போறீங்களா?"

மறுநாள் காலை முற்றத்தில் சோதனை நடந்தது. அப்பா ஒரு பழைய கார் பொனற்றுத் தகரத்திலிருந்து இரண்டு துண்டு வெட்டிப் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். மாமா பெரிய மெசினைப் பூட்டி, முகமூடியைப் போட்டு, குச்சியைத் தட்டினார். என்னைத் தூரத்தில் நிறுத்தி, என் கையில் ஒரு கறுப்புக் கண்ணாடி மூடியைத் தந்திருந்தார்கள். அதற்குள்ளால் பார்த்தேன். வெளிச்சம் இரண்டு துண்டும் சேருகிற பொருத்தில் விழவில்லை. பொருத்துக்கு அரை விரல் தள்ளி, தகரத்தின் நடுவால் நிதானமாக நடந்து போனது. மாமா முகமூடியைத் தூக்கியபோது வரிசையாக நாலு ஓட்டை. இரண்டாம் முறை ஐந்து.

"மச்சான், நான் ஒருக்காப் பாக்கட்டோ?" என்று அப்பா வாங்கினார். அவருடைய ஒட்டு மண்புழு மாதிரி நெளிந்திருந்தது. ஒரு இடத்தில் ஓட்டையும் போனது. ஆனால் பொருத்தில்தான் இருந்தது, இழுத்துப் பார்த்தும் பிரியவில்லை.

எல்லோரும் தகரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இதைச் சொல்ல ஆள் இல்லையே என்று எனக்கு நாக்குத் துடித்தது.

"மெசினில ஒரு பிழையும் இல்லை. அப்பாக்குச் சரியா விழுது. மாமாதான் பக்கத்தால கொண்டு போறார். அவருக்கு ஒட்டத் தெரியேல்லை!"

மாமா குனிந்து கையுறையைக் கழற்றத் தொடங்கினார். ஒரு கையுறையைக் கழற்ற அவ்வளவு நேரம் எடுக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

அம்மா குசினியிலிருந்து பறந்து வந்தார். "கறண்ட் ஏறி இறங்குது அண்ணா. பக்கத்து வீட்டில மோட்டர் போட்டிருக்கினம், அதுதான்." பக்கத்து வீட்டுக்காரர் முதல் நாளே கலியாணத்துக்கென்று தோப்பூருக்குப் போய்விட்டார்கள். இது முதலாவது பொய்.

"குச்சியும் ஈரம். நான்தான் மடைச்சி மாதிரித் தண்ணிப் பானைக்குப் பக்கத்தில வச்சிட்டன்." குச்சிப் பெட்டி இரவு முழுவதும் அலுமாரிக்கு மேலே இருந்தது. அதை ஏற்றி வைத்தவளே நான். இது இரண்டாவது.

"அம்மா, அது..." என்று வாயெடுத்தேன். அம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளில் கண்ணில் பூச்சி பறந்தது.

"எனக்கு இந்தப் பெரிய மெசின்ர சத்தம் ஏலாது. காலமை தொட்டுத் தலையிடி. சின்னதையே எடுப்பம்." இது மூன்றாவது. எதிர்வீட்டுக்காரியோடு மதிலுக்கு மேலால் சண்டை பிடித்தால் எங்கள் அம்மாவின் குரல் துறைமுகத்துக்குக் கேட்கும். அவருக்காவது, சத்தத்துக்குத் தலையிடியாவது!

அப்பா அம்மாவின் முகத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு, "ஓம், இவவுக்குத் தலையிடி வந்தால் எங்களுக்குச் சாப்பாடு இல்லை" என்று பெரிய மெசினின் வயரைச் சுற்றத் தொடங்கினார்.

சின்ன மெசினைப் பூட்டியதும் அம்மா மாமாவின் பக்கத்தில் குந்தினார். "அண்ணா, முனையைப் பொருத்தில முட்ட வச்சிட்டு, பிறகு அமத்துங்கோ. பொட்டுப் பொட்டா வச்சால் போதுமாம், நானா சொன்னவர்." மாமா புறுபுறுத்துக்கொண்டே இடது கை விரலால் பொருத்தைத் தடவினார். முனையை அங்கே முட்ட வைத்தார். அமத்தினார். எண்ணெயில் கடுகு போட்டதுபோலச் சடசடத்தது. ஒரு பொட்டு, பொருத்தின் நட்டநடுவில். பக்கத்தில் இன்னொன்று. இன்னொன்று.

"விளையாட்டுச் சாமான்தான்" என்றார் மாமா. ஆனால் முகமெல்லாம் சிரிப்பு.

பெரிய மெசினில் இடத்தைக் கண்ணால் பார்த்துத்தான் குச்சியைத் தட்ட வேண்டும். சின்னதில் கை கண்டுபிடித்த இடத்தில் முனையை ஊன்றிவிட்டு விசையை அமத்தலாம். கண் மூடிய ஒருவரால் அது ஏலுமா என்றுதான் அம்மா அந்தக் கடையில், அத்தனை பேருக்கு முன்னால் பார்த்திருக்கிறார். இது எனக்கு விளங்கியது பெரியவளான பிறகு. அப்போது மாமா ஒப்பரேஷன் முடிந்து மறுபடி யாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். அன்றைக்கு எனக்கு விளங்கியதெல்லாம், பொய் சொன்னால் நாக்கு அழுகும் என்று எனக்குச் சொல்லித் தந்த அம்மா, அரைமணி நேரத்தில் மூன்று பொய் சொல்லிவிட்டார் என்பதுதான்.

நத்தார்ப் பண்டிகைக்கு இரண்டு நாள் முந்தி எங்கள் மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனம் நடந்தது. என்னிடம் சொல்வதற்குப் பாவம் இருக்கவில்லை, அம்மாவுடையவை இருந்தன. முழந்தாளிட்டு, "ஃபாதர், அம்மா மூண்டு பொய் சொன்னவ" என்று தொடங்கினேன்.

"நீ உன்ர பாவத்தைச் சொல்லு பிள்ளை."

"எனக்கு ஒண்டும் இல்லை ஃபாதர். இதை நான் சொல்லாட்டில் அவ சொல்ல மாட்டா."

கறண்ட், குச்சி, தலையிடி என்று ஒன்றும் விடாமல் சொன்னேன். மாமா போட்ட ஓட்டைகளின் தொகையையும் சொன்னேன். மறுபக்கத்தில் ஃபாதர் ஒரு தடவை செருமினார்.

"மாமா இப்ப என்ன செய்யிறார்?"

"வானுக்குள்ள படுத்திருந்து ஒட்டுறார். பாட்டும் படிக்கிறார். நாளைக்கு முடிஞ்சிடும் எண்டு அப்பா எல்லா வீட்டுக்கும் சொல்லிப்போட்டார்."

"நீ அண்டைக்கு என்ன சொன்னனீ?"

"நான் மட்டும்தான் ஃபாதர் உண்மை சொன்னனான்" என்றேன், தலையை நிமிர்த்திக்கொண்டு.

 ஃபாதர், "அம்மாவைப் பற்றி யோசியாதை, அவவுக்கு ஒண்டும் இல்லை. நீ பரிகாரமா மூண்டு அருள்நிறைந்த மரியே செபம் சொல்லிப்போட்டுப் போ" என்றார்.

பொய் சொன்ன அம்மாவுக்கு ஒன்றுமில்லை, உண்மை சொன்ன எனக்கு மூன்று! இப்படியும் ஒரு அநியாயம் உண்டா? வந்த ஆத்திரத்தில் இரண்டை மட்டும் சொல்லிவிட்டு எழும்பி வந்துவிட்டேன்.